85 மார்க் வாங்கிய நர்ஸ் எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், தரக் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும்,

சென்ற வாரம் நடத்திய சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சுக் கொடுத்துச் செய்யும் உயிர்காப்பு முறை) தேர்வின் முடிவுகளை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறீர்கள். 62 பேர் எழுதியதில் 61 பேர் நூற்றுக்கு நூறு. ஒரே ஒருவர் 85. பாஸ் மார்க் 90 என்பதால் அந்த ஒருவருக்கு மட்டும் 12-ஆம் தேதி காலை 10 மணிக்கு மறுதேர்வு என்று கீழே சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. அந்த ஒருவர் நான்தான். வேறு இரண்டு இடங்களில் 6 வருடம், உங்களிடம் 17 வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். இப்போது கேஷுவாலிட்டி இன்சார்ஜ். மார்க் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. மற்ற 61 பேரும் அந்த நூறை எப்படி வாங்கினார்கள் என்று உங்களில் ஒருவராவது யோசித்திருந்தால் இந்த மடலுக்கு வேலையே இருந்திருக்காது.

இதை ஏன் ஊரறிய எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். மார்கழியில் ஒரு கடிதம் கொடுத்தேன், மாசியில் இன்னொன்று. இரண்டுக்கும் இன்வர்ட் நம்பர் இருக்கிறது, பதில் இல்லை. மருத்துவமனையின் பெயரையும் ஊரையும் இங்கே நான் போடவில்லை. திருவாரூர் மாவட்டத்தில் ஆற்றங்கரையோரம் இருக்கும் தனியார் மருத்துவமனை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ இதைப் படிக்கும் வேறொரு நிர்வாகி 'நம்மைத்தான் சொல்கிறாளோ' என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், அதுவும் நல்லதுதான்.

தேர்வு நடந்த விதம் உங்கள் அறை வரைக்கும் வந்திருக்காது. மத்தியானம் இரண்டு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் கூகுள் ஃபார்ம் லிங்க் வந்தது. 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 5 மார்க், சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். இரண்டரைக்கெல்லாம் ஆபீஸ் விடைத்தாளே போட்டோவாக இன்னொரு குரூப்புக்கு வந்துவிட்டது. யார் போட்டார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, தயவுசெய்து நீங்களும் தேட வேண்டாம். அந்தப் போட்டோவை நான் பார்க்கவேயில்லை என்று பெருமை பேசவும் வரவில்லை. பார்த்தேன். என் விடைகளை அனுப்பிவிட்டு அப்புறம் பார்த்தேன். மூன்று இடத்தில் என் விடை வேறு, உங்கள் விடை வேறு.

பெரியவர்களுக்கு ஒருவர் மட்டும் சிபிஆர் செய்யும்போது எத்தனை அழுத்தத்துக்கு எத்தனை மூச்சு? உங்கள் விடை 15-க்கு 2. அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதலில் அது 2005-லேயே 30-க்கு 2 என்று மாறிவிட்டது. நெஞ்சை எவ்வளவு ஆழம் அழுத்த வேண்டும்? உங்கள் விடை 4 முதல் 5 சென்டிமீட்டர். 2010-ல் குறைந்தது 5 என்று ஆக்கினார்கள், 2015-ல் 6-ஐத் தாண்ட வேண்டாம் என்று மேல்வரம்பும் வைத்தார்கள். துடிப்பு நின்று சாய்ந்தவருக்கு எதை முதலில் செய்ய வேண்டும்? உங்கள் விடை மூச்சுப்பாதை, மூச்சு, அதற்கப்புறம் நெஞ்சழுத்தம். 2010-லிருந்து நெஞ்சழுத்தம்தான் முதலில்.

அதாவது, 2005-க்கு முன்னால் யாரோ, எங்கேயோ தயாரித்த கேள்வித்தாளைத் தேதி பார்க்காமல் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அப்போது பால்வாடிக்குக்கூடப் போயிருக்க மாட்டார்கள். இப்போது நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். விஷயம் சரியாகத் தெரிந்து எழுதுகிறவருக்கு இந்தத் தேர்வில் 85-க்கு மேல் வராது. 61 பேருக்கும் அந்த மூன்று தப்பும் ஒன்றுபோல எப்படி வந்தது? உங்கள் கையிலிருக்கும் 61 நூறும் ஒரே போட்டோவின் 61 பிரதிகள். அதை லாமினேட் செய்து, அடுத்த மாதம் ஆய்வுக்கு வருகிறவர்களிடம் 'பணியாளர் அனைவருக்கும் சிபிஆர் பயிற்சி உண்டு' என்று காட்டப்போகிறீர்கள். பயிற்சியாளர் என்ற இடத்தில் என் கையெழுத்தையும் கேட்டிருக்கிறீர்கள். நூறு வாங்கிய 61 பேருக்கு, பெயிலான நான் பயிற்சியாளர்! எழுதியவருக்கே இது உறுத்தவில்லையா?

மற்ற கேள்விகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏஇடி என்ற தானியங்கி ஷாக் கருவியின் பெயருக்கு விரிவாக்கம் என்ன என்று ஒரு கேள்வி. சிபிஆர் முறை கண்டறியப்பட்ட ஆண்டு எது என்று இன்னொன்று. 1960 என்று எழுதினேன், அதற்கு 5 மார்க் வந்தது. அந்த ஆண்டுதான் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் மூடிய நெஞ்சின் மேல் அழுத்தியே இதயத்தை ஓட வைக்கலாம் என்று கட்டுரை வெளியிட்டார்கள். கூவன்ஹோவன் டாக்டர்கூட இல்லை, எலெக்ட்ரிகல் இன்ஜினியர். இதற்கு இரண்டு கை இருந்தால் போதும் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். அதே ஆண்டில் நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த லேர்டால் என்பவர், பழகிப் பார்க்க ஒரு பொம்மையையும் கொண்டுவந்துவிட்டார். கட்டுரையும் பொம்மையும் ஒரே வருடத்தில் வந்தன. ஆண்டை நினைவில் வைத்திருக்கச் சொல்கிற நீங்கள், நம் பொம்மை எங்கே இருக்கிறது என்று சொல்வீர்களா? நான் சொல்கிறேன். மாடி ஸ்டோர் ரூமில், பழைய சலைன் ஸ்டாண்டுகளுக்குப் பின்னால், பாலிதீன் உறைக்குள் கிடக்கிறது. முகத்தோல் கிழிந்து, வலது காது இல்லாமல்.

இனி, நான் முதல் கடிதத்தை எழுதக் காரணமான ராத்திரிக்கு வருகிறேன்.

கார்த்திகை மாதம், மழை விடாத ஒரு நாள். பதினொன்றே முக்காலுக்கு, குடவாசல் பக்கத்திலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவரை லோடு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சாயங்காலத்திலிருந்து நெஞ்சைப் பிசைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம், வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். கேஷுவாலிட்டியில் அப்போது இருந்தது இரண்டு பேர். வேலைக்கு வந்து எட்டு மாதமான ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், வார்டு பாய் ஒருவர். நான் மாடியில் ஐசியூவில் ஒரு வென்டிலேட்டர் அலாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்ததும் இறங்கினேன்.

நான் உள்ளே நுழையும்போது அந்தப் பெண் அவருடைய விரலில் மாட்டியிருந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரைக் கழற்றி வேறு விரலில் மாட்டிக்கொண்டிருந்தாள். "கை குளிர்ந்திருக்குக்கா, ரீடிங் எடுக்கல. ஆனா மூச்சு இருக்கு" என்றாள். கட்டிலில் கிடந்தவரின் தாடை, கரையில் போட்ட கெண்டை மாதிரி திறந்து திறந்து மூடியது. அரை நிமிடத்துக்கு நாலைந்து தடவை. கழுத்தில் விரல் வைத்தேன். துடிப்பு இல்லை.

இதை நாங்கள் கேஸ்பிங் என்போம். இதயம் நின்ற பிறகும் மூளையின் அடிப்பகுதி சிறிது நேரம் அனுப்பிக்கொண்டிருக்கும் வெற்றுச் சைகை அது. அதை மூச்சு என்று எண்ணக் கூடாது, உடனே அழுத்தத் தொடங்க வேண்டும். எங்கள் ஊர்க் கிழவிகளுக்கு இந்த வித்தியாசம் தெரியும். 'மூச்சு விடுது' என்பார்கள், அது வேறு. 'இழுக்குது' என்பார்கள், அது வேறு. பி.எஸ்சி. நர்சிங் படித்துவிட்டு நாங்கள்தான் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம். உங்கள் 20 கேள்வியில் இது பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

ரெஜிஸ்டரில் உள்ள நேரத்தையும் எனக்கு வந்த போன் நேரத்தையும் வைத்துப் பார்த்தால், அவர் உள்ளே வந்து முதல் அழுத்தம் விழ மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதற்கப்புறமாவது எல்லாம் ஒழுங்காக நடந்ததா என்றால், அதுவும் இல்லை. கட்டிலில் ஆறங்குல மெத்தை. அடியில் வைக்கும் பலகை எக்ஸ்ரே ரூமில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஏறி நிற்க ஸ்டூல் இல்லை. எங்களில் முக்கால்வாசிப் பேர் ஐந்தடிக்கு மேல் சொற்ப உயரம். ஸ்டூல் இல்லாமல் அழுத்தினால் உடம்பின் எடை இறங்காது, வெறும் கைப்பலம்தான். மெத்தை அமுங்குவதைப் பார்த்து நெஞ்சு அமுங்குகிறது என்று நினைத்துக்கொள்வோம். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கில் குழந்தை மாஸ்க் மாட்டியிருந்தது. இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப் கருவிக்கான ஜெல் டப்பா காய்ந்து போயிருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் யார் அடுத்து என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான். மூச்சுக் குழாய் போடுவதற்காக டியூட்டி டாக்டர் "நிறுத்துங்க" என்றார், நிறுத்தினோம். இடைவெளி பத்து விநாடியைத் தாண்டக் கூடாது என்பது பாடம். அன்றைக்கு எத்தனை பத்து விநாடிகள் போயின என்று எண்ண ஆளில்லை. முதல் ஷாக் கொடுக்கும்போது அவர் வந்து பதினோரு நிமிடம்.

அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. வீட்டிலேயே நேரம் போயிருந்தது, வழியிலும் போயிருந்தது. ஆனால் நெஞ்சழுத்தமும் ஷாக்கும் இல்லாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது என்பது உங்களுக்கும் தெரியும். நம் கட்டிலில் கழிந்த நிமிடங்களுக்கு நாம்தான் பொறுப்பு. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான். "உள்ள கொண்டாரும்போது மூச்சு இருந்துச்சும்மா, அந்தப் பொண்ணே சொல்லிச்சே. அப்பறம் என்னாச்சு?" அந்தப் பொண்ணு மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய சான்றிதழ், அதற்கு முந்தைய மாதம் நடந்த எழுத்துத் தேர்வில் அவள் வாங்கிய 95 மார்க்கோடு, அதே அறைச் சுவரில் தொங்கியது.

அடுத்த நாள் நம்மில் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. எங்கே நேரம் போனது, என்ன இல்லை, யார் என்ன செய்தார்கள் என்று ஒரு பத்து நிமிடம்? இல்லை. தர அங்கீகாரத்துக்கான விதிகள் நோயாளியைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்குச் சிபிஆர் பயிற்சியை அவ்வப்போது புதுப்பிக்கவும், ஒவ்வொரு சிபிஆருக்குப் பிறகும் என்ன நடந்தது என்று ஆராய்ந்து பார்க்கவும் சொல்கின்றன. அந்த விதிப் புத்தகம் உங்கள் மேஜையிலேயே இருக்கிறது. என் இரண்டு கடிதத்துக்கும் நீங்கள் செய்த ஒரே காரியம், பொம்மையை வைத்து நடந்துகொண்டிருந்த அரைநாள் பயிற்சியை 'நேரமும் செலவும் கருதி' ரத்து செய்துவிட்டு இந்த ஆன்லைன் தேர்வைக் கொண்டுவந்தது.

மாசிக் கடிதத்துக்கு அப்புறம் நானே ஒரு காரியம் செய்தேன், அனுமதி கேட்காமல். நைட் டியூட்டியில் கூட்டம் இல்லாத நேரத்தில் அந்தக் காதில்லாத பொம்மையை இறக்கி வந்து தரையில் போட்டேன். நல்ல காலம், நெஞ்சுக்குள் இருக்கும் ஸ்பிரிங் இன்னும் வேலை செய்கிறது, 5 சென்டிமீட்டர் இறங்கினால் 'டக்' என்று சத்தம் வரும். இரண்டு நிமிடம் அழுத்துங்கள், நான் எண்ணுகிறேன் என்றேன். அன்றைக்கு இருந்த ஆறு பேரும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

ஒரு பெண் வேகத்தில் புலி. நிமிடத்துக்கு நூற்றைம்பதைத் தாண்டினாள். நூறுக்கும் நூற்றிருபதுக்கும் நடுவில் இருக்க வேண்டும், அதைவிட வேகமாகப் போனால் இதயம் நிரம்ப நேரம் இருக்காது, ஆழமும் குறையும். 'டக்' சத்தம் அவளுக்கு இருபதில் ஒன்றுதான் வந்தது. வார்டு பாய்களில் ஒருவர் தவில்காரர் வீட்டுப் பிள்ளை. தாளம் என்றால் தாளம், தாளம் காட்டும் மெட்ரோனோம் வைத்துப் பார்த்தேன், 110-ல் இம்மி பிசகவில்லை. ஆனால் 'எலும்பு உடைஞ்சிடுமோ' என்ற பயத்தில் பாதி ஆழம்தான் போனார். பிறகு இன்னொரு நர்ஸ், என்னைவிட சீனியர். அழுத்துவார், மேலே வரும்போது கை முழுதாக எழாது, நெஞ்சின் மேல் சாய்ந்தபடியே இருப்பார். நெஞ்சு முழுக்க எழும்பினால்தான் இதயத்துக்குள் ரத்தம் திரும்பும். அதை அவரிடம் சொன்னபோது, "இத்தனை வருசத்தில் யாரும் சொல்லலையே" என்றார். கோபமாக இல்லை, ஆச்சரியமாக. ஆறு பேரில் இரண்டு நிமிடமும் சரியாகச் செய்தது ஒரே ஒருவர். அவர் நர்ஸ் இல்லை. இரவு செக்யூரிட்டி. முன்னால் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொம்மையை வைத்துச் செய்யச் சொல்வார்களாம்.

நானும் செய்தேன். முதல் நிமிடம் நன்றாக இருந்தது. ஒன்றரை நிமிடத்தில் 'டக்' குறைந்தது. எனக்கு அது தெரியவேயில்லை, சுற்றி நின்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் சொந்தக் காசில் தஞ்சாவூரில் பிஎல்எஸ் என்ற அடிப்படை உயிர்காப்பு கோர்ஸ் போனபோது, முதல் கைத்தேர்வில் இதே காரணத்துக்காகத் தேறாமல் மத்தியானம் மறுபடி செய்துதான் அட்டை வாங்கினேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அங்கே இருந்தவர் மார்க்கைக் காட்டவில்லை, என் முழங்கை மடங்குவதைக் காட்டினார். அதுவரை நான் சரியாகத்தான் செய்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எழுத்துத் தேர்வே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்க இதயச் சங்கத்தின் பிஎல்எஸ் கோர்ஸிலும் 25 கேள்வி உண்டு, தேற 84 சதவீதம் வேண்டும். ஆனால் கைத்தேர்விலும் தேறாமல் அட்டை கிடைக்காது. அந்த அட்டைக்கும் இரண்டே வருடம்தான் ஆயுள். பழகாமல் விட்டால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் கைத்திறன் மங்கத் தொடங்கிவிடும் என்பதால், வருடத்துக்கு ஒரு நாள் முழுக்கப் போட்டு வதைப்பதைவிட அவ்வப்போது பத்து நிமிடம் பழகுவது நல்லது என்றும் சொல்கிறார்கள். நம் நாட்டிலும் மயக்கவியல் மருத்துவர்கள் முன்னின்று 2017-ல் நமக்கென்று வழிகாட்டுதல் கொண்டுவந்தார்கள். அதில் பொதுமக்களுக்கு ஒன்று, மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் டாக்டருக்கு ஒன்று, மருத்துவமனைக்குள் இருப்பவர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். பொதுமக்கள் நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும். நமக்கு அது போதாது.

ஏன் போதாது என்பதை இந்த மண்ணில் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அறுப்புக் காலத்தில் தரையில் படுத்திருந்த பிள்ளையைக் கட்டுவிரியன் கடித்துவிட்டுப் போயிருக்கும். வீக்கம் இருக்காது, வலிகூடப் பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவான், கண் இமை தொங்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சு நிற்கும். இதயம் அப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். அவனுக்கு வேண்டியது நெஞ்சழுத்தம் இல்லை, ஆறு விநாடிக்கு ஒன்று என்று அம்பு பேக்கில் மூச்சு. விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தால், மருந்து வேலை செய்கிற வரை அவனைப் பிடித்து நிறுத்திவிடலாம். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தால் எங்களுக்குச் சந்தோஷமும் வரும், வெண்ணாற்றிலும் கொள்ளிடத்திலும் முங்கியவர்களும் வருவார்கள். முங்கியவருக்குக் குறைவது ஆக்சிஜன், மூச்சுக் கொடுத்துத்தான் தொடங்க வேண்டும். பூச்சிமருந்து குடித்தவர் வாயில் நுரையோடு வருவார். மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்தவர் வருவார், அவருக்கு ஷாக் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நிறைமாதக் கர்ப்பிணி சாய்ந்தால் ஒருவர் வயிற்றை இடப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் அழுத்த வேண்டும். இந்த ஐந்தில் எதுவும் உங்கள் கேள்வித்தாளில் இல்லை. இந்த ஐந்தும் போன ஒரு வருடத்துக்குள் நம் வாசலுக்கு வந்திருக்கின்றன.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால் ஆயிற்று என்றும் இருக்க முடியாது. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குப் போகிற வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்து, சரக்கு ரயில் போகட்டும் என்று காத்திருந்த அனுபவம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. ஓடுகிற வண்டியில், குனிந்து, ஒற்றை ஆளாக அழுத்துவது எப்படி இருக்கும் என்று கூகுள் ஃபார்மில் கேட்க முடியாது. தூரத்தை நினைத்துத்தானே அரசாங்கம் 2023-ல் மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்தது? ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின். மாத்திரை கிராமத்துக்கு வந்துவிட்டது. நாம் கையை மட்டும் ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்திருக்கிறோம். 2028-ல் கும்பகோணத்தில் மகாமகம் வேறு வருகிறது. 1992 மகாமக நெரிசலில் போன உயிர்களை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அன்றைக்குச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கிற எல்லா மருத்துவமனைக்கும்தான் வேலை இருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் என்னைத் தப்பாக நினைப்பார்கள். காப்பியடித்தது அவர்கள் குற்றம் என்று நான் சொல்லவில்லை. 90-க்குக் கீழே வாங்கினால் இன்கிரிமென்ட் தள்ளிப்போகும் என்று சர்க்குலரில் எழுதினீர்கள். பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடித்து, மன்னார்குடி பஸ்ஸைப் பிடித்து, வீட்டில் பிள்ளைக்குச் சோறு போடுகிறவள் அந்த போட்டோவைத் திறக்காமல் என்ன செய்வாள்? பயத்தில் எழுதுகிற தேர்வில் தெரியாததை மறைக்கத்தான் தோன்றும். தெரியாதது எது என்று தெரிந்துகொள்ளத்தானே இந்தத் தேர்வு?

செலவு என்றீர்கள். ரிசப்ஷனில் புது மீன்தொட்டி வைத்திருக்கிறோம். அழகாக இருக்கிறது, அதைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை.

என் கோரிக்கைகள் இவை. முதலில், இந்தத் தேர்வின் முடிவுகளை ரத்து செய்து, 61 சான்றிதழ்களையும் ஆய்வுக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பயிற்சியாளர் இடத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன், என் பெயரை அடித்துவிடுங்கள். இன்கிரிமென்ட் பற்றிய வரியை எழுத்து மூலமாகத் திரும்பப் பெறுங்கள். தேறாதவருக்குத் தண்டனை வேண்டாம், அதே வாரத்தில் இன்னொரு தடவை பழகிச் செய்துகாட்ட நேரம் கொடுங்கள். அது போதும்.

அழுத்தத்தின் ஆழத்தையும் வேகத்தையும் காட்டுகிற பெரியவர் பொம்மை ஒன்று, கைக்குழந்தை பொம்மை ஒன்று வாங்குங்கள். அவற்றை ஸ்டோரில் வைக்காமல் கேஷுவாலிட்டி பக்கத்து அறையிலேயே வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் டியூட்டி நேரத்திலேயே பத்து நிமிடம் வந்து செய்துகாட்டட்டும். இரண்டு நிமிடம் அழுத்தம், ஜோடியாக அம்பு பேக், டிஃபிப்பை ஆன் செய்து ஷாக் கொடுக்கும் வரை. லீவு நாளில் வரச் சொல்லாதீர்கள். நர்ஸுகள் மட்டுமல்ல, வார்டு பாய், ஆயாம்மா, செக்யூரிட்டி, ஆம்புலன்ஸ் டிரைவர், லேப் பிள்ளைகள் எல்லோரும் வரட்டும். டாக்டர்களும் வரட்டும், ஐயா. இந்தத் தேர்வை அவர்களில் ஒருவர்கூட எழுதவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, இப்போதுள்ள வழிகாட்டுதலை வைத்துப் புதிதாகத் தயாரியுங்கள். விரிவாக்கமும் ஆண்டும் வேண்டாம். 'நோயாளி அரை நிமிடத்துக்கு நாலு தடவை வாயைத் திறக்கிறார், கழுத்தில் துடிப்பு இல்லை, என்ன செய்வாய்' என்று கேளுங்கள். கட்டுவிரியன் கடித்த பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். தமிழில் கேளுங்கள், ஆயாம்மாவும் எழுதட்டும்.

ஸ்டூல், பலகை, பெரியவர் மாஸ்க், ஜெல், டிஃபிப் சார்ஜ் ஆகிய ஐந்தையும் ஷிஃப்ட் மாறும்போது பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு நோட்டுப் போடுங்கள். அந்த நோட்டை வாரம் ஒருமுறை மருத்துவக் கண்காணிப்பாளரே பார்க்கட்டும். ஒவ்வொரு சிபிஆருக்குப் பிறகும் இரண்டு நாளுக்குள் அன்றைக்கு இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும். யாரையும் திட்டுவதற்காக இல்லை, நேரம் எங்கே போனது என்று பார்ப்பதற்காக. கார்த்திகை ராத்திரியிலிருந்தே அதைத் தொடங்கலாம். அந்தப் பெண் இன்னும் நம்மிடம்தான் வேலை பார்க்கிறாள், இன்னும் கேஷுவாலிட்டி நைட் என்றால் முகம் வெளுத்துப்போகிறாள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதை எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது என்று இந்த மாதம் 30-ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். முடியாது என்பதைக் காரணத்தோடு எழுதினால் அதையும் ஏற்றுக்கொண்டு பேசத் தயாராக இருக்கிறேன். பதிலே வராவிட்டால், விடைத்தாள் போட்டோவையும் என் இரண்டு கடித நகலையும் ஆய்வுக்கு வருகிறவர்களிடம் நானே கொடுப்பேன்.

அதற்கு முன்னால் 12-ஆம் தேதி இருக்கிறது. மறுதேர்வுக்குக் காலை பத்து மணிக்குச் சரியாக வந்துவிடுவேன். உங்கள் 20 கேள்விக்கும் போன தடவை எழுதிய அதே விடைகளைத்தான் எழுதுவேன், அதே 85-தான் வரும். எழுதி முடித்ததும் தரையில் உட்காருவேன். பொம்மையை இறக்கி வைக்கச் சொல்லுங்கள், நீங்களும் கூட இருங்கள்.

இப்படிக்கு,
கேஷுவாலிட்டி இன்சார்ஜ் நர்ஸ்